சிம்மத்தை ஆவணியில் தேடாதீர்கள்

ஆவணியைச் சிம்ம மாதம் என்பார்கள். அதை நம்பி அந்த மாதத்தில் மாடிக்குப் போய்ச் சிம்ம ராசியைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. சூரியன் சிம்மத்துக்குள் இருப்பதால்தான் அது சிம்ம மாதம். சூரியனோடு எழுந்து சூரியனோடு மறையும் கூட்டம் கண்ணுக்கு எப்படித் தெரியும்? பங்குனி, சித்திரைதான் அதற்கான காலம். அப்போதும் பங்குனி உத்திரம் போன்ற முழுநிலா நாட்கள் வேண்டாம். முழு நிலா அங்கேயே வந்து நின்றுகொண்டு மங்கிய நட்சத்திரங்களை விழுங்கிவிடும்.

ஐரோப்பியப் புத்தகங்கள் தெற்கே பார்க்கச் சொல்லும். அவர்கள் ஊருக்கு அது சரி. சென்னை 13 பாகை வடக்கில் இருக்கிறது; மகம் என்று நாம் சொல்லும் ரெகுலஸ் நட்சத்திரம் வான நடுக்கோட்டுக்கு, அதாவது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் ஓடும் கோட்டுக்கு, 12 பாகை வடக்கே. ஆகவே ஏப்ரல் நடுவில் இரவு 9 மணி வாக்கில் அது நம் உச்சந்தலைக்கு மேலேயே நிற்கும். பாய் விரித்துப் படுத்துவிடுங்கள், கழுத்தாவது தப்பும்.

அப்புறம், சிங்க உருவத்தைத் தேடவே கூடாது. கதிரரிவாளைத் தேடுங்கள். பிடியின் தென்நுனியில் மகம், வடக்கே வளைந்து போகும் அலகு. அதற்குக் கிழக்கே ஒரு செங்கோண முக்கோணம்: பூரத்தின் இரண்டு நட்சத்திரங்கள், கடைசியில் வால்நுனியாக உத்திரம். மகத்தருகே மினுக்காமல் அதைவிடப் பளிச்சென்று ஏதாவது தெரிந்தால் அது கிரகம். சூரியனும் கிரகங்களும் போகும் பாதையை ஒட்டியே மகம் இருப்பதால் இந்த ஏமாற்றம் அடிக்கடி நடக்கும்.

கதையிலும் ஒரு தவறு உண்டு. ஆயுதம் துளைக்காத தோல்கொண்ட நெமியா சிங்கத்தை ஹெர்குலிஸ் கழுத்தை நெரித்துக் கொன்றான், அதன் நகத்தாலேயே தோலை உரித்தான், அதுதான் வானில் இருக்கிறது என்பது கிரேக்கர் கதை. நல்ல கதைதான், ஆனால் தொடக்கம் அதுவல்ல. கிரேக்கர்களுக்கு முன்பே பாபிலோனியர் அங்கே சிங்கத்தைக் கண்டு, மகத்தை அரசன் என்று அழைத்தார்கள். ரெகுலஸ் என்ற லத்தீன் பெயருக்கும் குட்டி அரசன் என்றே பொருள்.

நம் நிகண்டுகள், அதாவது பழைய தமிழ்ச் சொல்தொகுப்புகள், வேறொன்றையும் சொல்கின்றன. மகத்துக்கு அவை தரும் பெயர்களில் ஒன்று கொடுநுகம், அதாவது வளைந்த நுகத்தடி. அரிவாளை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அந்த வளைவு உடனே விளங்கும்.