.22 ரைபிளின் சைட்டை மாற்றும் முறை

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் .22 ரைபிள் வைத்திருப்போரில் பெரும்பாலோர் ரைபிள் கிளப் உறுப்பினர்கள்; கல்லூரி நாளில் என்.சி.சி.யில் சுட்ட பழக்கத்தை விடாதவர்களும் உண்டு. அவர்களுள் வயது நாற்பதைக் கடந்தவர்கள் ஒரே குறையைத்தான் சொல்வார்கள்: குறிபார்க்கக் கண்ணருகே உள்ள பின்சைட்டின் வெட்டு மங்கலாகத் தெரிகிறது, குழல் முனையில் உள்ள முன்சைட்டும் இலக்கும் ஒருங்கே தெளிவதில்லை. இந்தக் குறைக்கு, தொழிற்சாலையில் பொருத்தி வந்த, வெட்டுள்ள தகட்டுச் சைட்டை எடுத்துவிட்டுத் துளைச் சைட்டைப் பொருத்துவதே நல்ல தீர்வு. வட்டத் துளையின் நடுவைக் கண் தானாகவே தேடிக்கொள்ளும் என்பதால், பார்வையை முன்சைட்டின் மேல் மட்டும் நிறுத்தினால் போதும்.

வேலையைத் தொடங்கும் முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். ஆகவே சுத்தியலும் அரமும் தொட வேண்டிய வேலையை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறையிலேயே செய்வியுங்கள். கீழே சொல்பவற்றை, அங்கே பக்கத்தில் நின்று எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவும் படிக்கலாம். பட்டறை கோவையில் இருந்தால், மாநில எல்லையான வாளையாற்றைத் தாண்டுவதற்கு முன் உங்கள் உரிமத்தில் எழுதியுள்ள எல்லை தமிழ்நாட்டையும் உள்ளடக்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை அளப்பது. மேகசினைக் (தோட்டாப் பெட்டியை) கழற்றி, குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டை வெளியே எடுத்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை காலியாக இருக்கிறது என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகு வெர்னியர் அளவுகோலை எடுங்கள். பின்சைட்டு உட்கார்ந்திருக்கும் டவ்டெயில் பள்ளத்தின் (அடி அகன்று வாய் குறுகிய பள்ளம்) அகலம், முன்சைட்டின் உயரம், இரண்டு சைட்டுகளுக்கும் இடைப்பட்ட தூரம் ஆகிய மூன்றையும் எழுதிவையுங்கள். அமெரிக்க .22 ரைபிள்கள் பலவற்றில் குழல் பள்ளம் 3/8 அங்குலம். ரிசீவரின் (போல்ட் இயங்கும் உடற்பகுதி) மேல் உள்ள நீளவாட்டு வரிப்பள்ளம் சீ.இசட். 452 போன்ற ஐரோப்பிய ரைபிள்களில் 11 மி.மீ. இவை இரண்டும் வெவ்வேறு பொருத்தங்கள் என்பதை மறந்து சைட்டை வாங்கி வருபவர்கள் அதைத் திருப்பிக் கொடுக்க மறுபடியும் பயணம் போக நேரிடும்.

அளவுகளில் பலரும் கவனிக்காதது உயரம். சைட்டு நகரும் அளவுக்கும் குண்டு நகரும் அளவுக்கும் உள்ள உறவு எளிய கணக்குதான்: இலக்கில் எத்தனை மி.மீ. தவறுகிறதோ அதைச் சைட்டுகளின் இடைத்தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுத்தால், சைட்டை நகர்த்த வேண்டிய அளவு கிடைக்கும். இடைத்தூரம் 500 மி.மீ., இலக்கு 25 மீட்டர், தவறு 40 மி.மீ. என்றால் விடை 0.8 மி.மீ. இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் தகட்டுச் சைட்டின் குறை விளங்கும்: 400 மி.மீ. இடைத்தூரத்தில் பின்சைட்டின் ஒரு படி அரை மி.மீ. என்றால், 50 மீட்டரில் குண்டு 62.5 மி.மீ. தாவுகிறது, சர்வதேசப் போட்டி இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமோ 10.4 மி.மீ. மட்டுமே. ரிசீவரில் பொருத்தும் துளைச் சைட்டு 600 மி.மீ. இடைத்தூரம் தந்தாலும், பார்வைக் கோட்டில் அது 3 மி.மீ. உயர்ந்து உட்கார்ந்தால் 25 மீட்டரில் குண்டு 125 மி.மீ. மேலே ஏறிவிடும். துளைச் சைட்டைக் கீழ் எல்லை வரை இறக்கியும் இது தீராதென்றால், உயரமான முன்சைட்டையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

பழைய சைட்டை எடுப்பதற்கு முந்தைய இரவே பள்ளத்தின் ஓரங்களில் துருவிளக்கி எண்ணெய் விடுங்கள். பூட்டுத்திருகு இருந்தால் அதை முதலில் கழற்ற வேண்டும். திருகின் வெட்டை முழுதும் நிரப்பும் திருப்புளி இல்லாமல் அதைத் தொடக் கூடாது. குழலைத் தோல் அல்லது மரக்கட்டை வைத்து வைஸில் பிடித்து, சுற்றிலும் காகித நாடா ஒட்டி, பித்தளைப் பஞ்ச் (தட்டுக்கோல்) வைத்துச் சைட்டின் அடிப்பகுதியை மட்டும் தட்ட வேண்டும். சுடுபவரின் நிலையிலிருந்து பார்த்து இடமிருந்து வலமாக வெளியே தள்ளுவதும், புதியதை வலமிருந்து இடமாக உள்ளே செலுத்துவதும் வழக்கம். எல்லாத் துப்பாக்கியும் இதற்குக் கட்டுப்படுவதில்லை. பள்ளத்தின் இரு வாய்களையும் அளந்து, அகலம் கூடிய பக்கமாகவே எடுங்கள்.

புதிய சைட்டு கையால் தள்ளும்போது மூன்றில் ஒரு பங்கு நுழைந்து, மீதிக்குப் பஞ்ச் கேட்டால் பொருத்தம் சரி. இறுக்கமாக இருந்தால் சைட்டின் அடிப்பக்கத்தைத்தான் அராவ வேண்டும், குழலின் பள்ளத்தை ஒருபோதும் அல்ல. கெட்டுப்போன சைட்டுக்கு மாற்று வாங்கிவிடலாம், குழலுக்கு முடியாது. வரிப்பள்ளத்தில் பிடிக்கும் துளைச் சைட்டுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை: பிசுக்கைத் துடைத்துவிட்டு, ஆலன் கீயால் இருபுறமும் சிறிது சிறிதாக இறுக்கினால் போதும். குழலில் உள்ள பழைய தகட்டுச் சைட்டு துளை வழியே பார்ப்பதை மறைத்தால் அதை மடக்கிவிடலாம், அல்லது எடுத்துவிட்டுப் பள்ளத்தை மூடும் வெற்றுத் துண்டைச் செருகலாம்.

அடுத்து, போல்ட் இல்லாத குழலின் பின்வாய் வழியே 25 மீட்டர் தொலைவில் உள்ள ஓர் அடையாளத்தைப் பார்த்து, துப்பாக்கியை அசைக்காமல் சைட்டும் அங்கேயே பார்க்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். மீதியை உரிமம் பெற்ற சுடுகளத்தில் செய்ய வேண்டும், தென்னந்தோப்பில் அல்ல. .22 குண்டு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேலும் போகக்கூடியது. ஐந்து ஐந்தாகச் சுட்டு, ஐந்தின் நடுப்புள்ளியை வைத்தே திருத்துங்கள். குண்டு வலப்புறம் போக வேண்டுமானால் பின்சைட்டை வலப்புறமும் முன்சைட்டை இடப்புறமும் நகர்த்த வேண்டும். மேலே போக வேண்டுமானால் பின்சைட்டை உயர்த்த வேண்டும் அல்லது முன்சைட்டைக் குறைக்க வேண்டும். அதனால்தான் முன்சைட்டின் தகட்டைச் சற்று உயரமாகவே வாங்கச் சொல்வார்கள்: அராவிக் குறைக்கலாம், வளர்க்க முடியாது.

தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இலேசான .22 குண்டை 50 மீட்டரில் பக்கவாட்டில் நன்றாகவே தள்ளும் என்பதால், காற்று எழுவதற்கு முன் காலையிலேயே இந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள். போட்டிக்குப் பயன்படுத்தும் தோட்டாவையே சுடுங்கள். இந்தியத் தயாரிப்பான கேஎஃப் தோட்டாவில் அமைத்த சைட்டு பிரிட்டிஷ் ஈலி தோட்டாவில் அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

சைட்டு நிலைத்த பிறகு, திருகுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிசுக்கு நீக்கி, நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி வைத்து இறுக்குங்கள். சைட்டும் உலோகமும் சேரும் இடத்தில் நகப்பூச்சால் மெல்லிய கோடு இழுத்துவைத்தால், பின்னாளில் அது நகர்ந்திருக்கிறதா என்பது ஒரு பார்வையில் தெரியும். துருவுக்குத் துப்பாக்கி எண்ணெயே போடுங்கள். நம் வீடுகளில் கைக்கெட்டும் தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நெல்லியாம்பதிக் குளிரில் அது சைட்டின் நகர்திருகிலும் போல்ட்டிலும் இறுகிக் கிடக்கும்.