பாஸ்கலை மேற்கோள் காட்டுவதற்கு முன்: வழக்கமாக நேரும் தவறுகள்

பள்ளியில் பாஸ்கல் (17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணித அறிஞர்) என்றால் அழுத்தத்தின் அலகு. அப்புறம் எண் முக்கோணம். (அந்த முக்கோணத்தை அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே இந்தியக் கணித அறிஞர் ஹலாயுதரும் பாரசீகரும் சீனரும் அறிந்திருந்தார்கள் என்பது தனிக் கதை.) பல வருடம் கழித்து அதே பெயர் ஞாயிறு பிரசங்கத்திலோ வாட்ஸ்அப் படத்திலோ திரும்பி வரும்: "மனித இதயத்தில் கடவுளின் வடிவத்தில் ஒரு வெற்றிடம் உண்டு – பாஸ்கல்." இந்த வாக்கியத்தை பாஸ்கல் எழுதவே இல்லை. அவர் பெயரில் சுற்றும் மற்ற வாக்கியங்களில் சிலவும் இதே கதைதான். சில அவருடையவைதான், ஆனால் அவை சொல்ல வந்தது வேறு.

இத்தனை தவறுக்கும் வேர் ஒன்றே. அவருடைய 'சிந்தனைகள்' அவர் எழுதி முடித்த புத்தகம் அல்ல. கத்தோலிக்க நம்பிக்கையை நம்பாதவர்களுக்கு எடுத்துச் சொல்லும் ஒரு பெரிய நூலுக்காக அவர் குறிப்புகள் எழுதிவந்தார். பெரிய தாளில் எழுதுவார், ஒரு குறிப்பு முடிந்ததும் கோடு போடுவார், பிறகு கத்தரியால் தனித்தனித் துண்டுகளாக வெட்டுவார், துளையிட்டு நூலில் கோத்துக் கட்டுகளாக்குவார். 1658 வாக்கில் இப்படித் தலைப்பிட்ட 27 கட்டுகள் தேறின. அதன் பிறகு உடல்நிலை விடவில்லை. 1662 ஆகஸ்ட் 19 அன்று, 39 வயதில், பாரிசில் இறந்தார்.

துண்டுகள் கிடந்த வரிசையிலேயே குடும்பத்தார் பிரதி எடுத்துவைத்தார்கள். 1670இல் நண்பர்கள் அவற்றில் பொறுக்கி, சில இடங்களில் மொழியை மழுக்கி அச்சிட்டார்கள். அதற்கும் பிறகு, 1711இல், அக்காள் மகன் லூயி பெரியே மூலத் துண்டுகளை ஒரு பெரிய ஆல்பத்தில் ஒட்டினார். பக்கத்தில் எது எங்கே பொருந்துகிறதோ அங்கே ஒட்டியதில் துண்டுகள் பிழைத்தன, வரிசை போயிற்று. ஆல்பம் இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. பழைய வரிசையை அறிய நமக்கு இருப்பவை அந்தப் பிரதிகள்தான்.

எண் இல்லாமல் எடுப்பது

ஒரே துண்டுக்கு, மூன்று பதிப்பாசிரியர்கள் கொடுத்த மூன்று எண்கள் புழக்கத்தில் உள்ளன. புருன்ஷ்விக் 1897இல் தமக்குச் சரியென்று பட்ட தலைப்புகளின் கீழ் துண்டுகளை அடுக்கினார். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு பின்பற்றுவது இந்த வரிசையை. லஃபூமா (1951) முதல் பிரதியையும் செலியே (1976) இரண்டாம் பிரதியையும் பின்பற்றினார்கள். கடவுள் இருக்கிறார் என்று பந்தயம் கட்டச் சொல்லும் புகழ்பெற்ற 'பந்தயம்' துண்டு புருன்ஷ்விக்கில் 233, லஃபூமாவில் 418, செலியேயில் 680. வெறுமனே "சிந்தனைகள், 233" என்று போட்டால், வேறு பதிப்பை வைத்திருப்பவர் சம்பந்தமே இல்லாத பக்கத்தில் போய் நிற்பார். எண்ணோடு பதிப்பாசிரியர் பெயரும் வேண்டும்.

லஃபூமா எண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு. 1 முதல் 382 வரை உள்ளவை பாஸ்கல் தலைப்பிட்ட கட்டுகளுக்குள் வைத்தவை. அதற்கு மேற்பட்டவற்றுக்கு அவர் அங்கே இடம் ஒதுக்கவில்லை. 418 என்ற எண்ணைப் பார்த்ததுமே ஒன்று தெரிந்துவிடுகிறது: தம் நூலின் மையம் என்று பலரும் நினைக்கும் பந்தயத்தை அவர் எந்தக் கட்டிலும் சேர்க்கவில்லை.

எண்ணுக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது, பேசுவது யார் என்பது. அவர் எழுதவிருந்தது ஒரு வாதம். அதில் எதிராளிக்கும் வாய் உண்டு. லஃபூமா 427இல் ஒருவன் நீளமாகப் பேசுகிறான்: என்னை இந்த உலகத்தில் யார் வைத்தார்கள் என்று தெரியாது, உலகம் என்ன என்று தெரியாது, நான் என்ன என்றும் தெரியாது. உருக்கமான பேச்சு. பாஸ்கலின் சொந்தத் தவிப்பு என்று இதை எடுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பேச்சு முடிந்த உடனே பாஸ்கல் கேட்பதைப் படித்திருந்தால் போட மாட்டார்கள். இப்படிப் பேசுகிற ஒருவனை நண்பனாக வைத்துக்கொள்ள யார் விரும்புவார்கள் என்கிறார். "இந்த எல்லையற்ற வெளிகளின் நித்திய மௌனம் என்னை அச்சுறுத்துகிறது" (லஃபூமா 201) என்ற வரியிலும் 'நான்' யார் என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. அது இருப்பது 'கடந்து செல்லல்' என்ற கட்டில், "மனிதன் ஒரு நாணல், ஆனால் சிந்திக்கும் நாணல்" என்ற துண்டுக்கு (200) அடுத்தாற்போல. இரண்டையும் சேர்த்துப் படிக்காதவர் பயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்.

பந்தயத்தை நிரூபணமாக எண்ணுவது

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது இதுதான். வழக்கமான சுருக்கம் இப்படி: கடவுள் இருந்து நம்பினால் சொர்க்கம், இருந்து நம்பாவிட்டால் நரகம், இல்லாவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை, ஆகவே நம்பு. இதைக் கடவுளுக்கான நிரூபணம் என்று சிலர் போற்றுகிறார்கள், மட்டமான நிரூபணம் என்று சிலர் கேலி செய்கிறார்கள். இரு தரப்புமே துண்டைப் படிக்கவில்லை.

இரண்டு தாள், நான்கு பக்கம், ஓரங்களிலும் குறுக்கிலும் தலைகீழாகவும் நெருக்கி எழுதியது. கடவுள் இருக்கிறாரா என்பதை இயற்கையான அறிவால் நம்மால் அறிய முடியாது என்று அவரே தொடக்கத்தில் ஒப்புக்கொள்கிறார். நிரூபணம் கைவிட்ட இடத்தில், என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் பந்தயம் வருகிறது. ஒதுங்கி நிற்க முடியாதா என்று எதிராளி கேட்கிறான். முடியாது, ஏற்கெனவே கப்பலேறிவிட்டாய் என்கிறார்.

பிறகு கணக்கு. 1654 கோடையில் கணித அறிஞர் ஃபெர்மாவோடு கடிதம் வழியாக நிகழ்தகவைச் செதுக்கிய அதே கை இது. எளிய எண்களில் சொன்னால்: 100 ரூபாய் கட்டுகிறீர்கள், வெல்லும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. பரிசு ஒரு லட்சம் என்றால் சராசரி வரவு 100, கொடுத்ததற்குச் சரியாகப் போய்விட்டது. பரிசு அதற்கு மேல் ஏற ஏற ஆட்டம் உங்கள் பக்கம் சாய்கிறது. பரிசு எல்லையற்றதாகிவிட்டால், வாய்ப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், பூஜ்யமாக இல்லாதவரை, கட்டுவதே லாபம். கட்டும் பணம் இந்த ஆயுள், அதற்கோ எல்லை உண்டு. தோற்றால் நரகம் என்ற வரி இந்தக் கணக்கில் இல்லை. முழு பாரமும் வெற்றிப் பக்கத்தில்தான் இருக்கிறது.

கணக்கில் ஓட்டை இல்லாமல் இல்லை. ஓர் இமாமும் இதே வாதத்தைச் சொல்லலாமே என்று பிரெஞ்சுத் தத்துவவாதி திதரோ கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் பந்தயத்தோடு துண்டு முடிந்துவிட்டது என்று நினைப்பது அதைவிடப் பெரிய ஓட்டை. எதிராளி கணக்கை ஒப்புக்கொள்கிறான், ஒப்புக்கொண்டும் சொல்கிறான்: என் கை கட்டப்பட்டிருக்கிறது, என்னால் நம்ப முடியாதபடி நான் ஆக்கப்பட்டிருக்கிறேன், நான் என்ன செய்யட்டும்? லாபத்துக்காக நம்பிக்கையைச் சட்டென்று வரவழைத்துக்கொள்ள முடியாதே என்று நாம் பாஸ்கலுக்கு எதிராக எழுப்பும் ஆட்சேபம் இதுதான். அவரே எழுப்பிவிட்டார். விடையும் தருகிறார்: உன்னைப் போலக் கட்டுண்டு கிடந்தவர்கள் எப்படித் தொடங்கினார்களோ அப்படித் தொடங்கு, தீர்த்தத்தைத் தொட்டுக்கொள், பூசை வைக்கச் சொல். அது உன்னை நம்பவைக்கும், "அபேத்தீர்" செய்யும். இந்தப் பிரெஞ்சு வினைக்குள் விலங்கைக் குறிக்கும் 'பேத்' ஒளிந்திருக்கிறது. "முட்டாளாக்கும்" என்று மொழிபெயர்த்தால் பாதிதான் வரும். மனிதன் பாதி மனம், பாதி எந்திரம். வாதம் மனத்தோடு நின்றுவிடும், எந்திரத்தைப் பழக்கம்தான் திருப்ப வேண்டும் என்பது அவர் கருத்து (லஃபூமா 821). 1670 பதிப்பாளர்களுக்கே இந்தச் சொல் தாங்கவில்லை, விட்டுவிட்டார்கள்.

துண்டின் கடைசிப் பகுதியில், இந்தப் பேச்சைப் பேசியவன் இதற்கு முன்னும் பின்னும் முழந்தாளிட்டு உனக்காக வேண்டியவன் என்று சொல்கிறார். சூதாட்ட மேசையில் உட்கார்ந்திருக்கும் பாஸ்கலை மட்டும் பார்த்தவர்கள் இந்த இடம்வரை வந்திருக்க மாட்டார்கள்.

'இதயம்' என்ற சொல்

"இதயத்துக்கு அதன் காரணங்கள் உண்டு, அவற்றை அறிவு அறியாது" (லஃபூமா 423). தமிழில் இதைப் போட்ட மாத்திரத்தில் காதலர் தின அட்டை ஆகிவிடுகிறது. தவறு தமிழின் மேல் மட்டும் இல்லை, பிரெஞ்சுக்காரர்களும் இப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். அவர் இந்தச் சொல்லை எப்படிப் புழங்குகிறார் என்பதற்கு லஃபூமா 110ஆம் துண்டைப் பார்க்க வேண்டும்: வெளிக்கு மூன்று பரிமாணம் என்பதையும் எண்களுக்கு முடிவில்லை என்பதையும் இதயம் உணர்கிறது, அதன் மேல்தான் அறிவு தன் நிரூபணங்களைக் கட்டுகிறது. மூன்று பரிமாணத்தை உணரும் இதயம் காதல் உணர்ச்சி இல்லை. நிரூபிக்காமலே நேராகப் பிடித்துக்கொள்ளும் அறிதல் அது. தமிழில் எழுதுகிறவர் 'இதயம்' என்பதைவிட 'உள்ளம்' என்று போட்டால் சேதம் குறையும். இந்தத் துண்டைக் காட்டி பாஸ்கல் பகுத்தறிவைத் துறந்தவர் என்று முடிவு கட்டுவதும் நிற்காது. 'அறிவின் பணிவும் பயனும்' என்று ஒரு கட்டுக்கே அவர் பெயர் வைத்திருக்கிறார்.

அறையில் சும்மா இருப்பது

"மனிதனின் துன்பமெல்லாம் ஓர் அறையில் அமைதியாக இருக்கத் தெரியாததால் வருகிறது." தியான வகுப்பு விளம்பரங்களுக்கு மிகவும் பிடித்த வரி. லஃபூமா 136இல் இருக்கிறது, அவருடையதுதான். ஆனால் அதே துண்டில் அடுத்த அடியிலேயே அவர் மேலும் யோசித்துப் பார்த்தேன் என்று தொடர்கிறார்: நாம் ஏன் இருக்க முடிவதில்லை? நம் நிலைமையைக் கிட்டே போய்ப் பார்த்தால் எதுவுமே ஆறுதல் தராத அளவுக்கு அது பரிதாபமானது. ஆகவே அறையில் உட்கார்ந்தால் நிம்மதி கிடைக்கும் என்பது அவர் சொன்னதற்கு நேர் எதிர். உட்கார்ந்தால் சாவு கண்ணில் படும், அதனால்தான் ஓடுகிறோம்.

சூதாடியின் உதாரணம் அங்கேதான் வருகிறது. தினமும் அவன் ஜெயிக்கக்கூடிய தொகையை, ஆடக்கூடாது என்ற நிபந்தனையோடு காலையிலேயே கையில் கொடுத்துவிடு; அவன் வாடிப்போவான். பணம் இல்லாமல் வெறுமனே ஆடவிடு, அவனுக்குச் சலித்துவிடும். அவனுக்கு வேண்டியது பணமும் இல்லை, ஆட்டம் மட்டுமும் இல்லை. தன்னையே ஏமாற்றிக்கொண்டு சூடாக வேண்டும். முயல் வேட்டையும் அப்படியே: அந்த முயலைக் கடையில் கொடுத்தால் யாரும் வாங்க மாட்டார்கள்.

சொல்லாததும் திரிந்ததும்

முதலில் சொன்ன 'கடவுள் வடிவ வெற்றிடம்'. இதற்கு மிக அருகில் வருவது லஃபூமா 148. ஒருகாலத்தில் மனிதனிடம் உண்மையான இன்பம் இருந்தது, இப்போது அதன் வெறும் தடம்தான் மிச்சம். சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் கொட்டி அதை நிரப்பப் பார்க்கிறான். ஆனால் அது எல்லையற்ற பள்ளம், எல்லையற்ற மாறாத ஒன்றால் மட்டுமே, கடவுளால் மட்டுமே, நிரம்பும் என்கிறார். வெற்றிடத்துக்கு 'வடிவம்' என்று வைத்தால் பொருத்தமான கட்டையைச் செருகுவது போல ஆகிவிடும். அவர் பள்ளத்துக்கு அடியும் இல்லை, வடிவமும் இல்லை. இழந்துபோனதன் தடம் என்ற பாதியும் மேற்கோளில் காணாமல் போய்விடுகிறது.

எதிர் முகாமில், மதத்தைச் சாடுபவர்களிடையே, சுற்றுவது: "மத நம்பிக்கையால் செய்யும்போதுதான் மனிதர்கள் தீமையை முழுமையாகவும் மகிழ்ச்சியாகவும் செய்கிறார்கள்." லஃபூமா 813இல் இருக்கும் பிரெஞ்சுச் சொல் 'கோன்சியான்ஸ்', மனசாட்சி. மதம் ஆங்கில மொழிபெயர்ப்பில் நுழைந்தது.

மூன்றாவது தலைகீழ்க் கதை. "சுருக்கமாக எழுத நேரமில்லை, அதனால் நீளமாக எழுதிவிட்டேன்" என்ற வரியை வேறு பல பெரியவர்கள் பெயரில் போடுவார்கள். அது இவருடையது: இயேசு சபையினரின் அறநெறி வாதங்களைச் சாடி, லூயி தெ மோந்தால்த் என்ற புனைபெயரில் 1656–57இல் எழுதிய 18 'மாகாணக் கடித'ங்களில் பதினாறாவது.

வாழ்க்கையைப் பற்றி

அந்தக் கடிதங்களைப் பார்த்து அவரை புராட்டஸ்டண்ட் என்று எழுதுகிறவர்கள் உண்டு. இறுதி அருட்சாதனங்கள் பெற்று இறந்த கத்தோலிக்கர் அவர். துறவியோ குருவோ அல்ல. போர்-ரொயால் மடத்தில் கன்னியராகச் சேர்ந்தது தங்கை ழாக்லின். மலையேறிக் காற்றழுத்தத்தை அளந்தவர் என்பதும் தவறு. 1648 செப்டம்பர் 19 அன்று புய் தெ தோம் மலையில் ஏறியவர் அக்காள் கணவர் ஃபுளோரின் பெரியே. சோதனையை வகுத்துக் கொடுத்தவர் பாஸ்கல். உச்சியில் குழாயின் பாதரசம் அடிவாரத்தில் இருந்ததைவிட எட்டு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது.

1654 நவம்பர் 23, இரவு சுமார் பத்தரை முதல் பன்னிரண்டரை வரை நேர்ந்த அனுபவத்தை ஒரு தாளில் எழுதி, சட்டையின் உட்துணியில் வைத்துத் தைத்துக்கொண்டார். "நெருப்பு" என்ற ஒற்றைச் சொல், பிறகு "ஆபிரகாமின் கடவுள், ஈசாக்கின் கடவுள், யாக்கோபின் கடவுள், தத்துவவாதிகளுடையவரும் அறிஞர்களுடையவரும் அல்ல." அவர் இறந்த பிறகுதான் வேலைக்காரர் கண்ணில் பட்டது. அந்த இரவோடு கணிதத்தை விட்டுவிட்டார் என்று வாழ்க்கைக் குறிப்புகள் எழுதும். ஆனால் 1658இல் அவர் சைக்ளாய்ட் (உருளும் சக்கரத்தின் விளிம்புப் புள்ளி வரையும்) வளைவு பற்றிய கணக்குகளை ஐரோப்பியக் கணித அறிஞர்களுக்குப் போட்டியாக விடுத்தார்.

சாவதற்கு ஐந்து மாதம் முன், 1662 மார்ச் 18 அன்று, அவரும் ரோவானே பிரபுவும் சேர்ந்து நடத்திய ஐந்து சூ (அக்காலப் பிரெஞ்சு நாணயம்) கட்டண வண்டிகள் பாரிசில் ஓடத் தொடங்கின. நிலையான வழித்தடம், நிலையான கட்டணம், ஆள் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் குறித்த நேரத்தில் புறப்பாடு. இதை "ஏழைகளுக்கான பேருந்து" என்று எழுதுவது கடைசித் தவறு. தமக்கு வரும் பங்கை ஏழைகளுக்குக் கொடுக்க பாஸ்கல் நினைத்தது உண்மை. ஆனால் சிப்பாய்கள், ஏவலாட்கள், சீருடை வேலைக்காரர்கள், கூலியாட்கள் ஏறக்கூடாது என்று பாரிஸ் பார்லமான் (அக்கால உயர் நீதிமன்றம்) அனுமதி தரும்போதே தடை போட்டுவிட்டது.