மலையிலிருந்தே ஆய்விதழ் தேடிப் படித்து, பேப்பர் போடுவது எப்படி?

கொடைக்கானலில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில் பூண்டு சேமிப்பு பற்றிய ஒரு கட்டுரையைத் திறந்தேன். சுருக்கம் மட்டும் தெரிந்தது. முழுவதும் படிக்க 39 டாலர் கட்டச் சொன்னது. அப்பாவிடம் ஃபோனில் கேட்டேன். அவரும் எதற்கென்று கேட்காமல் அனுப்பிவிட்டார். மறுநாள் நூலகத்தில் நூலகர் மேடம் அதே கட்டுரையைத் தன் கணினியில் இரண்டே நிமிடத்தில் திறந்து காட்டினார், ஒரு ரூபாய் செலவில்லாமல்.

ஒவ்வொரு வருடமும் விடுதிக்கு வரும் தங்கைகளில் யாராவது ஒருத்தி அதே இடத்தில் வந்து நிற்கிறாள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லித்தர ஆள் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் படிப்பவர்களுக்கும் இதே வழிதான்.

முதல் படி: கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

'மலைப்பூண்டு பற்றி ஆராய்ச்சி' என்று நூலகத்துக்குப் போனால் யாராலும் உதவ முடியாது. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டை எடுத்துக்கொண்டால், அதன் மருத்துவ குணம், மண், நோய், விலை, சேமிப்பு என்று எத்தனையோ உண்டு. எங்கள் வீட்டில் பூண்டை அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி கட்டித் தொங்கவிடுவோம். அதிலிருந்து என் கேள்வி வந்தது: 'புகையில் வைத்த பூண்டு, சாதாரண அறையில் வைத்ததைவிட எத்தனை நாள் தள்ளி முளைக்கிறது?' இப்படி ஒரு வரியாகச் சுருக்கி, காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு நூலகரிடம் போங்கள். கூச்சமே வேண்டாம். தேடித் தருவது அவர்கள் படித்துவந்த தொழில்.

இரண்டாம் படி: தேடும் சொற்கள்

பெரும்பாலோர் தோற்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வீட்டில் சொல்லும் பெயரை வைத்துத் தேடினால் கிடைப்பது குறைவு. தாவரம், பூச்சி, விலங்கு எதுவானாலும் முதலில் அறிவியல் பெயரைப் பிடியுங்கள். பூண்டுக்கு ஆலியம் சட்டைவம். குறிஞ்சிக்கு ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. சோலைக்காட்டையும் புல்வெளியையும் மூடிக்கொண்டு வரும் சீகை மரத்துக்கு அகேசியா மெர்ன்சி. அறிவியல் பெயரும் காலப்போக்கில் மாறும் என்பதால் பழைய பெயர் ஏதாவது உண்டா என்றும் பாருங்கள்.

அடுத்தது ஊர்ப் பெயர். பழனி மலையை ஆங்கிலேயர் புல்னி என்று எழுதினார்கள், எழுத்து பி-யு-எல்-என்-இ-ஒய். இப்போதைய கட்டுரைகளில் அது பால்னி என்றும் பழனி என்றும் வரும். நீலகிரியைப் பழைய பதிவுகளில் நீல்கெரி என்று எழுதியிருப்பார்கள், அதிலேயே மூன்று நான்கு விதமான எழுத்து உண்டு. ஊட்டிக்கு ஊட்டகமண்ட், உதகமண்டலம் இரண்டையும் போட்டுத் தேடுங்கள். ஒரே எழுத்தில் தேடிவிட்டு 'நம்ம மலையைப் பற்றி யாரும் எழுதவில்லை' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நான் அப்படி முடிவுகட்டி, அதை என் கைடிடம், அதாவது ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியரிடம், போய்ச் சொல்லவும் செய்தேன். அவர் புல்னி என்று தட்டச்சு செய்து காட்டிய பிறகுதான் எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

சொற்களைச் சேர்க்கும் முறை எளிது. இரண்டு சொல் அப்படியே ஒட்டி வரவேண்டுமானால் இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இதுவோ அதுவோ இருந்தால் போதும் என்றால் நடுவில் 'ஆர்' என்ற சொல்லை (எழுத்து ஓ-ஆர்) பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் போடுங்கள். பால்னி, புல்னி இரண்டையும் இப்படி ஒரே தேடலில் கொண்டுவரலாம்.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் என்ற இலவசத் தளத்தில் தொடங்குவது நல்லது. நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால் அதன் கீழே 'இதை மேற்கோள் காட்டியவை' என்று ஓர் இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் அதற்குப் பின்னால் வந்தவை எல்லாம் வரிசையாக நிற்கும். கட்டுரையின் கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியலைப் பார்த்தால் அதற்கு முந்தியவை கிடைக்கும். பழகிப் பார்க்க ஒன்று சொல்கிறேன். 1899-இல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் என்ற வானியலாளர் 1909 ஜனவரியில் சூரியப் புள்ளிகளைப் படமெடுத்தார். அந்தப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்து அந்த வருடமே எழுதினார். எவர்ஷெட் விளைவு என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். வானியல் கட்டுரைகளுக்கென்று நாசாவின் ஏடிஎஸ் என்ற இலவசத் தேடுதளம் இருக்கிறது. அதில் இந்தக் கட்டுரையைத் தேடி, இன்றுவரை யார் யார் அதை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று பாருங்கள். நாம் பஸ்ஸில் தாண்டிப் போகும் அந்தக் குன்றிலிருந்து எழுதியது அது. எனக்கு முதல்முறை பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

மூன்றாம் படி: பணம் கட்டாமல் முழுக் கட்டுரையைப் பெறுவது

2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற மத்திய அரசுத் திட்டம் நடக்கிறது. 30 பெரிய பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டிவிட்டது. அரசு நடத்தும் பல்கலைக்கழகங்கள், அரசுக் கல்லூரிகள், மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கான திட்டம் இது. காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் என்ற பல்கலைக்கழக நூலகங்களுக்கான மையம் இதைக் கவனித்துக்கொள்கிறது. கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமானாலும் சரி, ஊட்டி அரசு கலைக் கல்லூரியானாலும் சரி, நீங்கள் நூலகத்தில் கேட்க வேண்டியவை இரண்டு: நம் வளாகத்து இணையத்தில் இது திறக்கிறதா? விடுதியிலிருந்தும் வீட்டிலிருந்தும் திறக்க எனக்கு லாகின் கிடைக்குமா? இரண்டாவதை மறக்காதீர்கள். நவம்பர் மழையில் மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டால் அந்த லாகின்தான் கைகொடுக்கும். மன்னவனூர், கவுஞ்சி மாதிரி சிக்னல் விட்டு விட்டு வரும் ஊர்க்காரர்கள் வெள்ளிக்கிழமையே நூலகத்தில் உட்கார்ந்து வேண்டியதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தனியார் கல்லூரியில் படிக்கிறீர்களா? அப்போதும் வழி உண்டு. கூகுள் ஸ்காலரில் கட்டுரைக்குக் கீழே 'எல்லா வடிவங்களும்' என்ற இணைப்பைத் திறந்தால், எழுதியவரே வேறெங்காவது இலவசமாக வைத்திருக்கும் பிரதி அகப்படும். அன்பேவால் என்ற சின்ன நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) பிரவுசரில் போட்டுவிட்டால், சட்டப்படி இலவசமாக இருக்கும் பிரதியை அதுவே காட்டும். யாரும் இலவசமாகப் படிக்கும்படி முழுக்கத் திறந்த ஆய்விதழ்களை மட்டும் தொகுத்து வைத்திருப்பது டிஓஏஜே என்ற தளம்.

இதெல்லாம் கைவிட்டால் எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். 'ஐயா, நான் இன்ன ஊரில் இன்ன தலைப்பில் ஆராய்ச்சி செய்கிறேன், உங்கள் கட்டுரையின் பிரதி அனுப்ப முடியுமா' என்று நாலு வரி போதும். நான் அனுப்பியவர்களில் பலர் இரண்டொரு நாளில் அனுப்பிவிட்டார்கள். ஒருவர் தன் சேமிப்பு அறையின் படங்களையும் சேர்த்து அனுப்பினார்.

உள்ளூர்த் தகவலுக்கு ஷோத்கங்கா என்ற தளத்தையும் பாருங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை அதில் இலவசமாகப் படிக்கலாம்.

நான்காம் படி: படிப்பதும் குறிப்பெடுப்பதும்

முதல் வரியிலிருந்து படிக்க வேண்டியதில்லை. சுருக்கம், அட்டவணைகள், படங்கள், முடிவு. இந்த நான்கையும் பார்த்துவிட்டு நமக்கு ஆகும் என்றால் மட்டும் செய்முறைப் பகுதிக்குப் போங்கள். படித்ததை ஜோட்டெரோ என்ற இலவச மென்பொருளில் அன்றன்றே சேர்த்துவிடுங்கள். கடைசியில் மேற்கோள் பட்டியலை அதுவே போட்டுத் தரும்.

ஐந்தாம் படி: எந்த ஆய்விதழ்?

நான் சூடுபட்ட இடம் இது. 'நான்கு நாளில் வெளியீடு, சர்வதேச ஆய்விதழ்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. 2,500 ரூபாய் கட்டினேன். சொன்னபடி நான்காம் நாள் வந்துவிட்டது, அழகான சான்றிதழோடு. கட்டுரையை யாரும் படித்துப் பார்க்கவில்லை. நான் தவறாகப் போட்ட ஒரு அட்டவணை அப்படியே அச்சாகியிருந்தது. துறைக் கூட்டத்தில் அதை ஏற்கவில்லை. வேறு நல்ல இதழுக்கும் அதை அனுப்ப முடியவில்லை, ஏற்கெனவே வெளியானது என்று ஆகிவிட்டதால். எட்டு மாத உழைப்பு.

அதனால் அனுப்புவதற்கு முன்னால் இவற்றைப் பாருங்கள். இதழின் அடையாள எண்ணான எட்டு இலக்க ஐஎஸ்எஸ்என்-ஐ அதற்கான சர்வதேசத் தளத்தில் போட்டு, பெயர் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஆனால் அந்த எண் இருப்பதாலேயே இதழ் தரமானது என்று ஆகிவிடாது. ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருப்பதாகச் சொன்னால் அவர்கள் வாயை நம்பாமல் ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலில் நீங்களே தேடுங்கள். இம்பாக்ட் ஃபேக்டர் (இதழின் கட்டுரைகள் சராசரியாக எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற கணக்கு) என்று எண் போட்டிருந்தால், கிளாரிவேட் நிறுவனம் வெளியிடும் பட்டியலில் அந்த எண் இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். நல்ல இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்துகிறவர்களும் உண்டு. முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். கடைசியாக வந்த இதழிலிருந்து இரண்டு கட்டுரையைத் திறந்து படித்தாலே பாதி தெரிந்துவிடும்.

'யுஜிசி கேர் அங்கீகாரம்' என்று இன்னும் விளம்பரம் செய்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி வைத்திருந்த அங்கீகரித்த இதழ்களின் பட்டியல்தான் கேர். அதை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. இப்போது எந்த இதழ் தரமானது என்று முடிவு செய்யும் பொறுப்பு அந்தந்தக் கல்வி நிறுவனத்துடையது. உங்கள் துறை எதை ஏற்கும் என்று கைடிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

காசு கேட்கும் எல்லா இதழும் மோசம் என்று நான் சொல்லவில்லை. திறந்த இதழ்களில் நேர்மையாகக் கட்டணம் வாங்குகிறவையும் உண்டு. ஆனால் மலையிலிருந்து வரும் பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது கட்டணமில்லாத நல்ல இதழ்களைத்தான். உயிரினங்கள் பற்றி எழுதுபவர்களுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வரும் ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா இருக்கிறது. பொதுவான அறிவியலுக்கு பெங்களூரிலிருந்து 1932 முதல் வரும் கரன்ட் சயின்ஸ்.

ஆறாம் படி: எழுதி அனுப்புவது

இதழைத் தேர்ந்தெடுத்த பிறகு எழுதத் தொடங்குங்கள். 'ஆசிரியர்களுக்கான குறிப்புகள்' என்று ஒவ்வொரு இதழிலும் ஒரு பக்கம் இருக்கும். சொல் எண்ணிக்கை, படத்தின் அளவு, மேற்கோள் முறை எல்லாம் அதில் இருக்கும். அதைப் பின்பற்றாத கட்டுரை வாசலிலேயே திரும்பிவிடும்.

உங்கள் எழுத்து ஏற்கெனவே வெளியானவற்றோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையை நூலகத்தில் செய்துகொள்ளுங்கள். யுஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதற்காகச் சொற்களை மாற்றி மாற்றிப் போட்டு எண்ணைக் குறைக்காதீர்கள். யாருடைய கருத்தோ அவர் பெயரைச் சொல்லிவிடுங்கள். யார் யார் பெயர், எந்த வரிசையில் என்பதையும் அனுப்புவதற்கு முன்னாலேயே கைடோடு பேசி முடித்துவிடுங்கள். பிறகு பேசினால் மனக்கசப்பு வரும். ஆர்சிட் என்ற 16 இலக்க எண்ணை இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இனிஷியல், ஒரே பெயர் உள்ளவர்கள் நம்மில் நிறைய. உங்கள் கட்டுரை உங்கள் கணக்கில் சேர அந்த எண் வேண்டும்.

ஒரு நேரத்தில் ஓர் இதழுக்குத்தான் அனுப்ப வேண்டும். பதில் வர மாதக்கணக்கில் ஆகும். இதழுக்காகக் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லும் ரிவ்யூவர் பத்து குறை சொல்லியிருந்தால் நல்ல செய்திதான், அவர் படித்திருக்கிறார். ஒவ்வொரு குறையையும் எழுதி, அதன் கீழே 'இதை இன்ன பக்கத்தில் இப்படித் திருத்தியிருக்கிறேன்' என்று பதில் போடுங்கள். ஒத்துக்கொள்ள முடியாததைக் காரணத்தோடு பணிவாக மறுக்கலாம். திருப்பி அனுப்பிவிட்டார்களா? இரண்டு நாள் ஒதுக்கி வையுங்கள். அப்புறம் எடுத்துத் திருத்தி அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். என் பூண்டுக் கட்டுரை மூன்றாவது இதழில்தான் வந்தது.

வெளியான பிறகு, நீங்கள் எழுதி அனுப்பிய பிரதியைப் பொதுவில் வைக்க அந்த இதழ் அனுமதிக்கிறதா என்று பார்த்து, நூலகத்தின் மின்களஞ்சியத்தில் சேர்த்துவிடுங்கள். முடிவுகளைத் தமிழில் இரண்டு பக்கமாக எழுதி, உங்களுக்குத் தகவல் தந்தவர்களிடமும் கொடுங்கள். நான் கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறையில் பதினோரு வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு பாட்டி பேரனை உட்காரவைத்து முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, 'புகைக்கு எந்த விறகுன்னு எழுதலியே தாயி' என்றார். அடுத்த கட்டுரைக்கு இப்போது அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.