மடை யார் கையில்? நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன் வாதிடும் முறை

நாடாளுமன்றத் தேர்தல் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து வாக்குப்பதிவு வரை, நம் டெல்டா மாவட்டங்களின் டீக்கடைகளிலும் களத்துமேடுகளிலும் நடக்கும் வாதங்களில் பெரும்பாலானவை ஒரு தலைவரின் பெயரில் தொடங்கி, இன்னொரு தலைவரின் குடும்பத்தில் போய் முடிகின்றன. 2014 தேர்தலின்போது எங்கள் ஊரில் ஒரே வரப்பைப் பங்கிட்டுக்கொண்ட இரண்டு பங்காளிகள் இப்படிப் பேசியே பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள்; ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போகவில்லை. அத்தனை நேரம் நடந்த அந்த வாதத்தில் நெல்லைப் பற்றியோ நீரைப் பற்றியோ ஒரு சொல்கூட வரவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். அதன் பிறகு வந்த தேர்தல்களில் எங்கள் திண்ணையில் சில முறைகளைக் கடைப்பிடித்து வருகிறோம். அவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். விரித்த பக்கத்தில் நான்கு பத்தி பிரித்து, மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி, வானம் என்று தலைப்பிடுங்கள். யார் எந்தக் குறையைச் சொன்னாலும், எந்தச் சாதனையைச் சொன்னாலும், அது எந்தப் பத்தியைச் சேர்ந்தது என்று முடிவான பிறகே வாதம் தொடங்க வேண்டும். வயலில் தண்ணீர் வரவில்லையென்றால் எந்த மடை அடைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தானே மண்வெட்டியை எடுக்கிறோம்? டெல்லிக்கு ஆள் அனுப்பும் தேர்தலில் ஊராட்சிக் குழாயைக் காட்டி வாக்குக் கேட்பதும், கோட்டையின் தவற்றுக்கு டெல்லியைத் திட்டுவதும், நமக்கு விடை கிடைக்காமல் செய்துவிடுகின்றன.

நெல் கொள்முதலை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இங்கேதான் பத்திகள் மிக எளிதில் கலந்துவிடுகின்றன. குறைந்தபட்ச ஆதரவு விலையை அறிவிப்பது மத்திய அரசு. அதன்மேல் ஊக்கத்தொகை சேர்த்துத் தருவது மாநில அரசு. ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியும், மழைக் காலத்தில் அதைத் தளர்த்தும் அதிகாரமும் மத்திய அரசுடையவை. தளர்த்தச் சொல்லிக் கேட்டு எழுத வேண்டியது மாநில அரசு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை எந்த ஊரில் எந்தத் தேதியில் திறப்பது, சாக்கும் தார்ப்பாயும் எப்போது வருவது, வாங்கிய மூட்டைகளை லாரியில் ஏற்றிக் கிடங்குக்கு அனுப்புவது ஆகியவை மாநிலத்தின் வேலைகள். ஆகவே நெல் நனைந்து முளைத்துப்போனதற்கு யார் பொறுப்பு என்று ஒருவர் கேட்டால், நிலையம் திறந்தது என்றைக்கு, தளர்வு கேட்டுக் கடிதம் போனது என்றைக்கு, அனுமதி வந்தது என்றைக்கு, வாங்கிய மூட்டை எத்தனை நாள் வெளியில் கிடந்தது என்று நான்காக உடைத்துக் கேளுங்கள். நான்கு தேதியும் நோட்டில் ஏறிவிட்டால் குரலை உயர்த்த வேண்டிய தேவையே பாதி குறைந்துவிடும். பயிர்க் காப்பீடும் அப்படித்தான். சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு, மீதிப் பிரீமியத்தை முன்பு இரண்டு அரசுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன, 2020 காரிப் (ஜூனில் தொடங்கும்) பருவத்திலிருந்து பாசனப் பகுதிகளுக்கு மத்திய அரசு தன் மானியத்தை, காப்பீட்டுத் தொகையில் 25 விழுக்காடு வரையிலான பிரீமியத்துக்கு மட்டும் என்று வரம்பிட்டது. இது தெரியாமல் இரண்டு பக்கமும் பேசுவது வீண்.

வானம் என்ற நான்காவது பத்தியைச் சேர்த்ததற்கு மேட்டூர்தான் காரணம். வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அந்த நாளில் திறக்க முடியவில்லை. 2020 இல் அதிமுக ஆட்சியிலும், 2021 இல் திமுக ஆட்சியிலும் அதே ஜூன் 12 இல் திறந்தார்கள். 2022 இல் மே 24 ஆம் தேதியே திறந்தார்கள். 2024 இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். இந்தத் தேதிகளைக் கட்சிக் கணக்கில் எழுதுவது முறையல்ல, குடகிலும் வயநாட்டிலும் பெய்த தென்மேற்குப் பருவமழைக்கும் அவற்றில் பங்கு உண்டு. ஆனால் தண்ணீர் கல்லணையைத் தாண்டும் முன் வாய்க்கால்கள் தூர்வாரப்பட்டனவா, கடைமடைக்கு எத்தனை நாளில் வந்து சேர்ந்தது என்பவை மழையின் கணக்கில் சேராதவை. அவற்றை மாநிலப் பத்தியில் எழுதுங்கள்.

மத்திய அரசின் பத்தியில் எழுத வேண்டியதும் காவிரியில் உண்டு. நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5 இல் வந்தது. அரசிதழில் வெளியானது 2013 பிப்ரவரியில். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று, கர்நாடக எல்லையில் நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்க வேண்டிய அளவை 192 டிஎம்சியிலிருந்து (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) 177.25 ஆகக் குறைத்து, செயல்திட்டத்துக்கு ஆறு வாரம் கெடு வைத்தது. காவிரி மேலாண்மை ஆணையம் அமைந்ததோ ஜூன் 1 இல், கர்நாடகச் சட்டமன்றத் தேர்தல் முடிந்த பிறகு. முதல் தாமதம் காங்கிரஸ் தலைமையிலான ஆட்சியில், இரண்டாவது பாஜக ஆட்சியில். உங்களுக்குப் பிடித்த தலைவரின் காலத்துத் தாமதத்தையும் உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டுப் பிறகு மற்றவருடையதைச் சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் காது கொடுப்பார்.

ஆட்சிகளை ஒப்பிடும்போது அளவுகோலை முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். சாதாரண ரக நெல்லின் ஆதரவு விலை, குவிண்டாலுக்கு, 2003-04 இல் 550 ரூபாய். 2013-14 இல் 1,310. 2023-24 இல் 2,183. மன்மோகன் சிங் ஆட்சியை ஆதரிப்பவர், பத்து ஆண்டில் விலை இரண்டே கால் மடங்குக்கு மேல் ஆனது, அடுத்த பத்து ஆண்டில் ஒன்றேமுக்கால் மடங்குகூட ஆகவில்லை என்பார். மோடி ஆட்சியை ஆதரிப்பவர், முன்னது 760 ரூபாய் உயர்வு, பின்னது 873 ரூபாய் உயர்வு என்பார். இரண்டு கணக்கும் சரி. முதல் பத்தாண்டில் பொது விலைவாசியும் வேகமாக ஏறியது என்பதையும் சேர்த்துக்கொண்டால்தான் படம் முழுமையாகும். நாங்கள் இதை வேறு விதமாகத் தீர்த்தோம். அந்தந்த ஆண்டில் ஒரு மா (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) நிலத்தின் நடவுக்குக் கொடுத்த கூலி, அறுவடை இயந்திரத்தின் மணி வாடகை, ஒரு மூட்டை டிஏபி உரத்தின் விலை ஆகியவற்றை வீட்டுக் கணக்கு நோட்டுகளிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றையும் வாங்க எத்தனை கிலோ நெல் விற்க வேண்டியிருந்தது என்று போட்டுப் பார்த்தோம். அந்த ஒரு மாலை, நான் கேட்ட எந்த மேடைப் பேச்சைவிடவும் எனக்குப் பயன்பட்டது.

தலைவர்களை ஒப்பிடும்போது ஒரே பதவியில் இருந்தவர்களை, ஒத்த கால அளவுக்கு ஒப்பிடுங்கள். பிரதமரையும் முதலமைச்சரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆட்சியில் இல்லாத தலைவரை அவர் கட்சி நாடாளுமன்றத்தில் எதற்கு வாக்களித்தது, எதை எதிர்த்தது என்பதைக் கொண்டு எடைபோடுங்கள். சாதி, பிறப்பு, மனைவி மக்கள் ஆகிய பேச்சை யார் எடுத்தாலும் நோட்டை மூடிவிடுவது எங்கள் வழக்கம். உங்கள் தொகுதி உறுப்பினரை மறந்துவிடாதீர்கள், ஏனென்றால் பொத்தான் அழுத்துவது அவர் பெயருக்கு எதிரேதான். மக்களவை இணையதளத்தில் அவர் கேட்ட கேள்விகள் இருக்கின்றன. வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் சொத்தும் வழக்குகளும் இருக்கின்றன. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். 2020 ஏப்ரலில் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டு 2021 நவம்பரில்தான் திரும்ப வந்தது என்பதால், 2019 இல் வென்றவரிடம் முழுக் கணக்குக் கேட்பது நியாயமாகாது.

பேசும் வரிசையும் முக்கியம். தண்ணீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுவதுபோல, எங்கள் திண்ணையிலும் முறை உண்டு, அதுவும் கடைமடையிலிருந்து. நடவுக்குப் போகும் பெண்கள், குத்தகைக்காரர்கள், நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் முதலில் பேசுவார்கள். நிலம் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் கடைசியில். ஒருமுறை இப்படிப் பேசிய ஓர் அக்கா, “நீங்க ஆதரவு விலையப் பேசறீங்க தம்பி, நான் விக்கறதுக்கு நெல்லே இல்ல, எனக்குக் கூலியப் பத்திச் சொல்லுங்க” என்றார். அன்றைக்கு எழுதியிருந்த பக்கத்தை அடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம். எவ்வளவு சூடானாலும் மாமா, அண்ணே, மச்சான் என்ற முறை விட்டுப்போகக் கூடாது. காரைக்காலில் சம்பந்தம் செய்தவர்கள் கவனமாக இருங்கள்: சம்பந்தி குடிப்பதும் காவிரித் தண்ணீர்தான், ஆனால் அவர் வாக்களிப்பது புதுச்சேரித் தொகுதியில், அவருடைய மாநிலப் பத்தியும் வேறு. கைப்பேசியில் வந்த படத்தைக் காட்டி வாதிடுபவரிடம் எந்த ஆண்டு, எந்த ஊர் என்று மட்டும் கேளுங்கள். சொல்ல முடியாவிட்டால் அது நோட்டில் ஏறாது.

வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் பொதுக்கூட்டத்துக்குத் தடை; வாக்குச்சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் வாக்குக் கேட்பது குற்றம். திண்ணைப் பேச்சுக்குத் தடையில்லை என்றாலும், நாங்கள் அந்த இரண்டு நாளும் கூடுவதில்லை. அதற்கு முந்தைய மாலையில் வேட்பாளர்கள் ஊருக்கு வந்து கொடுத்த வாக்குறுதிகளைத் தேதியோடும் பெயரோடும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி, இருந்தவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, கட்சி எதிலும் சேராத ஒரு வீட்டில் கொடுத்துவைப்போம். பேச்சை நிறுத்திக்கொண்ட அந்தப் பங்காளிகளில் ஒருவர் வீட்டில்தான் இப்போது அது இருக்கிறது. போன முறை நெல் விலைப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று மற்றவரே அங்கு போய் வாங்கி வந்தார்.