அம்மாவ விவசாயின்னு பேப்பர்ல ஏத்துறது எப்படி

எங்க வயலுக்கு கணக்கெடுக்க வந்தவரு, சேத்துல நாத்து முடியோட நின்ன அம்மாகிட்டயே "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா"ன்னு கேட்டாரு. அம்மாவும் வரப்புல ஏறி எனக்கு போன் போட்டு குடுத்தாங்க, நான் இருக்கறது சென்னைல, என்ன ரகம் போட்டிருக்குன்னு கூட தெரியாது, அம்மாகிட்ட கேட்டு கேட்டு தான் அவருக்கு பதில் சொன்னேன் 😅

மகளிர் தினத்துக்கு பொன்னாடை போத்துறது இருக்கட்டும், பேரு ஏறணும்ங்க.

முதல்ல ஒரு நோட்டு போடுங்க. ஒரு வாரம் அவங்க செய்யுறத நேரத்தோட எழுதுங்க, விதைநெல் காய வச்சு நொச்சி இலை போட்டு கட்டி வைக்கிறது, களை, மாட்டுக்கு புல்லு, ஆளுங்களுக்கு சோறுன்னு எல்லாம். அவங்கள கேட்டா "சும்மா தான் இருந்தேன்"னு தான் வரும், கூடவே நின்னு பாத்து எழுதுங்க.

அடுத்து பால் சொசைட்டி. மாட்ட பாக்குறது யாரோ அவங்க பேர்ல பால் ஊத்துங்க, காசும் அவங்க அக்கவுண்ட்டுக்கே வரட்டும். இது ஈசி.

கஷ்டம் நிலத்துல தான். நிலம் பேர்ல இல்லாட்டியும் பொம்பளைங்கள விவசாயியா ஏத்துக்கணும்னு எம்.எஸ். சுவாமிநாதன் 2012ல ராஜ்யசபால ஒரு தனிநபர் மசோதா கொண்டு வந்தாரு, அது பாஸ் ஆகாமயே போச்சு, அதனால பெரும்பாலும் பட்டா கேட்டு தான் பேசுவாங்க. அப்பா இருந்தா ஒரு பங்க அம்மா பேருக்கு தான செட்டில்மென்ட் பத்திரமா, அதாவது காசு வாங்காம குடுக்கறதா எழுதி ரிஜிஸ்டர் பண்ணி பட்டா மாத்தலாம். ஆனா பிஎம் கிசான் வாங்குறவங்க மொதல்ல வேளாண்மை ஆபீஸ்ல கேட்டுக்கோங்க, 2019 பிப்ரவரி 1க்கு அப்புறம் கைமாறுன நிலத்துக்கு அதுல தனி விதி இருக்கு. அப்பா இல்லனா இ-சேவைல வாரிசு சான்றிதழ் வாங்கி, அம்மா, பொண்ணுங்க எல்லாரும் சேத்து கூட்டு பட்டா கேளுங்க.

இங்க தான் ஏமாறுவாங்க. "சும்மா ஒரு கையெழுத்து"ன்னு அண்ணன் தம்பி நீட்டுறது, என் பங்கு வேண்டாம்னு விட்டுக் குடுக்கற விடுதலை பத்திரமா இருக்கும், படிக்காம போடாதீங்க. இந்து குடும்பத்து பூர்வீக சொத்துல 2005 திருத்தப்படி மகளுக்கும் மகனுக்கும் ஒரே பங்கு, அப்பா அதுக்கு முன்னயே இறந்திருந்தாலும் கேக்கலாம்னு 2020ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு.

பட்டா வந்ததும் பேர ஆதாரோட எழுத்து எழுத்தா ஒத்துப் பாருங்க, எங்கம்மா பேர்ல ஒரு துணைக்கால் விட்டுப் போயி அதுக்கு தனியா அலைஞ்சோம்.