துரு தின்ற சாம்பா பஸ்ஸுக்கு டிங்கரிங்: எங்கிருந்து தொடங்குவது?

ஃபோக்ஸ்வேகன் சாம்பா என்ற குட்டி பஸ்ஸைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். இரண்டாகப் பிரிந்த முன்கண்ணாடி, கூரை ஓரத்தில் எட்டு குட்டிக் கண்ணாடிகள், பின்மூலைகளில் வளைந்த கண்ணாடி, மற்ற ஜன்னல்களையும் சேர்த்து ஆக மொத்தம் 23. ஜெர்மனியில் 1951-இல் வந்த வண்டி. 1964 மாடலில் பின்கதவை அகலமாக்கியபோது மூலைக் கண்ணாடி இரண்டும் போய் 21 ஆனது. ஜெர்மனியில் 1967-இல் அந்த உருவமே நின்றது. இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதற்குக் கிடைக்கும் விலையால், சல்லடையாகிப்போன கூட்டைக்கூட யாரும் காயலான் கடைக்குப் போடுவதில்லை.

வேலையில் இறங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். லாரி மாதிரி இதற்குக் கழற்றி எடுக்கக்கூடிய தனிச் சேஸி கிடையாது. அடிச்சட்டம், குறுக்குச் சட்டங்கள், தரை, பக்கத் தகடு எல்லாம் ஒன்றோடொன்று பற்றவைத்த ஒரே கூடு. துருவை எடுக்கிற அவசரத்தில் கூட்டின் வடிவத்தைத் தொலைத்தால், அப்புறம் எந்தப் பட்டியும் (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) பெயிண்டும் காப்பாற்றாது.

படி 1: எண்ணைப் பாருங்கள்

சாதாரண பஸ்ஸை வெட்டிக் கூடுதல் ஜன்னல் வைத்து, சாம்பா என்று விற்பவர்கள் உண்டு. இஞ்சின் அறையில் வலப்பக்கம் சேஸி எண் பொறித்திருக்கும். அதைச் சுத்தம் செய்து படம் எடுங்கள். எண் உள்ள தகட்டை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். கழற்றும் ஒவ்வொன்றுக்கும் படம் வேண்டும்; பழைய ரப்பரைக்கூட மாதிரிக்காக வைத்திருங்கள்.

படி 2: துருவைத் தேடுங்கள்

பேட்டரியையும் பெட்ரோல் டாங்கையும் முதலில் இறக்கி வெளியே வையுங்கள். பிறகு கையில் ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர், ஒரு காந்தம். காந்தம் ஒட்டாத இடத்தில் உள்ளே இருப்பது பட்டி. ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி, உள்ளே போகிற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிடுங்கள். கதவுக்குக் கீழுள்ள சில் தகடுகள், ஜாக்கி வைக்கும் இடங்கள், டிரைவர் காலடி, சக்கர வளைவு, அமிலம் சிந்திய பேட்டரித் தட்டு ஆகியவை வழக்கமான இடங்கள். சாம்பாவில் கூடுதலாகக் கூரை. குட்டிக் கண்ணாடிகளின் ரப்பர் காய்ந்து வெடித்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். மழைநீர் வழியும் விளிம்பும் அதோடு சேர்ந்து அரிக்கும். புதிதாக வருபவர்கள் கீழே குனிந்து பார்க்கிறார்களே தவிர, ஏணி போட்டு ஏறிப் பார்ப்பதில்லை.

படி 3: முட்டுக் கொடுங்கள்

அவசரக்காரர்கள் தாண்டிவிடுகிற படி இது. சமதளமான தரையில், அடிச்சட்டத்துக்குக் கீழே பல இடங்களில் தாங்கு வைத்து வண்டியை நிறுத்துங்கள். 25 மி.மீ. சதுர இரும்புக் குழாயை ஒவ்வொரு கதவு வாயிலும் குறுக்காகவும், இடமிருந்து வலமாகவும் உட்புறத்தில் பற்றவையுங்கள். முட்டு வைப்பதற்கு முன் கதவுகளை மாட்டி, இடைவெளி சரியா என்று பார்த்தாக வேண்டும். கோணலான கூட்டுக்கு முட்டுக் கொடுத்தால் கோணல்தான் நிலைக்கும். கதவு வாயின் இரு மூலைவிட்ட அளவுகளையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

முட்டில்லாமல் இரண்டு பக்கச் சில்லையும் ஒன்றாக அறுத்த கூடு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். நடுவில் தொய்ந்துபோய், பக்கக் கதவு இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன.

படி 4: பெயிண்டை உரியுங்கள்

அடிச்சட்டத்துக்கு மணல் வீச்சு நல்லது. அகலமான பக்கத் தகட்டிலும் கூரையிலும் அதைக் காட்டினால் தகடு அலையலையாக நெளியும். அங்கே ரசாயன ரிமூவரும் கம்பி பிரஷ்ஷும் போதும். அந்தக்காலப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். சாதாரணத் துணி மாஸ்க் போதாது.

படி 5: வெட்டி, பற்றவைத்து, அடுத்தது

உள்ளிருந்து வெளியே வாருங்கள்: அடிச்சட்டம், குறுக்குச் சட்டம், தரை, உள் சில், கடைசியாக வெளித்தகடு. ஒரு நேரத்தில் ஒரு துண்டு, ஒரு பக்கம். அது முடிந்த பிறகே அடுத்ததில் கிரைண்டரை வையுங்கள்.

பளபளக்கும் நல்ல இரும்பு தெரியும்வரை வெட்ட வேண்டும். துருவின் மேல் ஒட்டுப்போட்டால் சில வருடத்தில் ஒட்டைச் சுற்றியே ஓட்டை விழும். கம்பெனியில் ஸ்பாட் வெல்டிங் (புள்ளி புள்ளியாகப் பற்றவைப்பது) செய்த இடத்தில், புதுத் தகட்டில் 8 மி.மீ. துளை போட்டு அதை நிரப்பிப் பற்றவையுங்கள். இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று படியும் முகங்களில் துத்தநாக பிரைமர் அடியுங்கள், பின்னால் அங்கே பிரஷ் நுழையாது. ஏறக்குறைய 1 மி.மீ. தகட்டுக்கு மிக் வெல்டிங்கில் (கம்பியே உருகி ஒட்டும் மின்பற்றவைப்பு) 0.6 மி.மீ. கம்பி சரி. நீளக் கோடாக இழுக்காதீர்கள். இங்கே ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி ஒரு புள்ளி, சூடு ஆறியதும் நடுவில் ஒன்று. ஒவ்வொரு துண்டு முடிந்ததும் கதவை மாட்டி மூடிப் பாருங்கள். சுவரில் ஒட்டிய அளவையும் ஒத்துப் பாருங்கள்.

கூரைக் கண்ணாடி ஓட்டைகளின் விளிம்பில் மட்டும் கூடுதல் பொறுமை வேண்டும். வளைவு கொஞ்சம் மாறினாலும் ரப்பர் உட்காராது, தண்ணீர் மறுபடி இறங்கும். புதுக் கண்ணாடியையும் ரப்பரையும் வெறும் இரும்பில் ஒருமுறை பொருத்திப் பார்த்துவிட்டே பெயிண்டுக்குப் போங்கள்.

படி 6: மூடுங்கள்

வெறும் இரும்பை ஒரு இரவுகூட ஈரக்காற்றில் விடாமல் எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். அதன் மேல் இணைப்புகளுக்கு சீலர், தேவைப்படும் இடத்தில் மெல்லிய பட்டி, பிறகு பெயிண்ட். எல்லாம் காய்ந்த பின் சில்லின் உட்குழிவுக்குள் நீளக் குழாய் விட்டு மெழுகைப் பீய்ச்சுங்கள். கீழேயுள்ள வடிகால் துளைகளிலிருந்து மெழுகு சொட்ட வேண்டும். எந்தத் துளை சொட்டவில்லையோ, அதைச் சீலர் அடைத்திருக்கிறது. கம்பி விட்டுக் குத்தித் திறங்கள்.