க்ரூஸரா, டூரிங் பைக்கா? பணம் கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையில், விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி ஏதாவது ஒரு டீக்கடையில் ஞாயிற்றுக்கிழமை காலை கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். க்ரூஸரில் வந்தவர் இறங்கியதும் இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, முதுகைப் பின்னால் வளைத்து நெட்டி முறிப்பார். டூரிங் பைக்கில் வந்தவர் கிளவுஸைக் கழற்றிவிட்டு மணிக்கட்டை உதறுவார். இருவரும் ஓட்டி வந்தது ஏறக்குறைய அதே 150 கி.மீ.தான். வலி மட்டும் வேறு வேறு இடத்தில்.

எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் பதிலோடுதான் வருகிறார்கள். வசதி வேண்டுமானால் க்ரூஸர், வேகம் வேண்டுமானால் டூரிங் பைக் என்று மனதுக்குள் பிரித்து வைத்திருப்பார்கள். இரண்டரை லட்சம், மூன்று லட்சம் போட்டு வாங்கிய வண்டியை ஒரே வருடத்தில் விற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்குச் சறுக்கியது இந்தப் பிரிவினையில்தான்.

நம் ஊரில் க்ரூஸர், அதாவது தாழ்வான சீட்டில் காலை முன்னால் நீட்டி உட்காரும் வண்டி என்றால், பஜாஜ் அவெஞ்சர், ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350, சூப்பர் மீட்டியோர் 650 ஆகியவை நினைவுக்கு வரும். டூரிங் பைக், அதாவது வேகமாகவும் தூரமாகவும் போவதற்கென்று செய்த வண்டி என்றால் டாமினார் 400. ஹிமாலயன் 450, கேடிஎம் 390 அட்வென்ச்சர் இரண்டும் கரடுமுரடான பாதையிலும் போகிற அட்வென்ச்சர் வகைதான் என்றாலும், நெடுந்தூரம் போகிறவர்கள் அவற்றையும் இதே வரிசையில் வைத்துத்தான் யோசிக்கிறார்கள்.

இந்த இரண்டு வடிவங்களும் பிறந்த சாலைகளைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். க்ரூஸர் அமெரிக்காவின் நீண்ட, நேரான சாலைகளில் வளர்ந்தது. 1974இல் அங்கே நாடு முழுதும் வேக வரம்பை மணிக்கு 55 மைல் என்று வைத்தார்கள், நம் கணக்கில் 88 கி.மீ. அந்த வேகத்தில், வளைவே இல்லாத சாலையில், காலை நீட்டிக்கொண்டு போவதற்கு ஏற்ற உருவம் அது. வேகமான டூரிங் பைக்கின் வேர் ஐரோப்பாவில் இருக்கிறது. 1976இல் பிஎம்டபிள்யூ கொண்டுவந்த ஆர்100ஆர்எஸ் வண்டியின் முன்கவசத்தைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து வடிவமைத்தார்கள். ஜெர்மனியின் ஆட்டோபான் சாலைகளில் மணிக்கணக்காக வேகமாகப் போகும்போது காற்று ஆளை அடித்துப்போடக் கூடாது என்பதுதான் அந்த வடிவத்தின் நோக்கம். நம் சாலையோ இரண்டும் இல்லை. நான்குவழி நெடுஞ்சாலை, அதில் திடீரென்று குறுக்கே வரும் ஆடுகள், ஊருக்குள் வேகத்தடை, அப்புறம் மலைப்பாதை, எல்லாம் ஒரே நாளில் வரும்.

சாய்ந்து உட்கார்ந்தால் வலிக்காது என்று நம்புவது

முதல் தவறு இதுதான். பெரிய தவறும் இதுதான். க்ரூஸரில் கால் முன்னால் நீண்டிருக்கும், கை சற்று உயர்ந்திருக்கும், உடம்பு நிமிர்ந்தோ லேசாகப் பின்னால் சாய்ந்தோ இருக்கும். அரை மணி நேரத்துக்கு இதைவிடச் சுகமான இருக்கை கிடையாது. ஷோரூமில் ஏறி உட்கார்ந்ததுமே மனசு விழுந்துவிடும்.

ஆனால் அந்த நிலையில் உடம்பின் எடையில் பெரும்பகுதி வால் எலும்பில் இறங்குகிறது. பள்ளம் வரும்போது ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றி அரை அங்குலம் எழுந்துகொள்ளலாம் என்றால் முடியாது, கால் முன்னால் இருக்கிறது. நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தபடி கையைப் பிடிக்காமல் எழுந்து பாருங்கள், புரிந்துவிடும். போதாக்குறைக்கு, சீட் தாழ்வாக இருக்க வேண்டும் என்பதால் க்ரூஸரின் பின் சஸ்பென்ஷனுக்கு நகர்வதற்கு இடம் குறைவு. சூப்பர் மீட்டியோர் 650இன் பின்சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரம் 101 மி.மீ. ஹிமாலயன் 450இல் அது 200 மி.மீ. ஒரே பள்ளத்தில் இரண்டையும் இறக்கினால் எது முதுகுக்கு அனுப்பும், எது தானே வாங்கிக்கொள்ளும் என்று சொல்லத் தேவையில்லை.

டூரிங் பைக்கில் கால் இடுப்புக்குக் கீழேயோ கொஞ்சம் பின்னாலோ இருக்கும், உடம்பு லேசாக முன்னால் குனிந்திருக்கும். எடை சீட்டிலும் காலிலும் கையிலும் பகிர்ந்து இறங்கும். எண்பதில் போகும்போது எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிக்கொள்வதால் மணிக்கட்டில் பாரம் குறையும். அதே வண்டியைக் கத்திப்பாராவிலிருந்து தாம்பரம் வரை மாலை நெரிசலில் ஓட்டிப் பாருங்கள். இருபது கி.மீ. வேகத்தில் நெஞ்சைத் தாங்கக் காற்று கிடையாது. முழுப் பாரமும் கையில். கிளட்ச் பிடித்துப் பிடித்து இடது மணிக்கட்டு கெஞ்சும்.

இதைக் கேட்டதும் பலர் ஆச்சரியப்படுகிறார்கள்: டூரிங் பைக் ஊருக்குள் படுத்தும், க்ரூஸர் நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் கழித்துப் படுத்தும். நான் ஏழு வருடம் க்ரூஸர் வைத்திருந்தேன். அலுவலகம் போய்வர அதைப் போல ஒரு வண்டி கிடையாது, இன்றைக்கும் சொல்வேன். மதுரைக்கு ஒரே மூச்சில் போகலாம் என்று கிளம்பிய அன்று மட்டும், திருச்சிக்கு முன்பே நான்கு முறை நிறுத்தி மரத்தடியில் நடந்தேன்.

குதிரைத் திறனை டாப் ஸ்பீடாகப் படிப்பது

மீட்டியோர் 350இன் திறன் சுமார் 20 பிஎச்பி. டாமினார் 400இன் திறன் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதைப் பார்த்துவிட்டு ஒருவர் "நான் நூற்றைம்பதில் போகப் போவதில்லை, எனக்கு எதற்கு" என்கிறார். இன்னொருவர் "அப்போ இதுதான் வண்டி" என்கிறார். இருவரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். நான்குவழி நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகம் 80 கி.மீ. அந்த வேகத்தில் சீராகப் போவதற்கு இரண்டு வண்டியுமே தாராளம்.

கூடுதல் திறன் உதவுவது முந்தும்போது. மன்னார்குடி, பட்டுக்கோட்டை பக்கம் இருவழிச் சாலையில் அறுவடைக் காலத்தில் போயிருந்தால் தெரியும். முன்னால் நெல் மூட்டை ஏற்றிய லாரி ஐம்பதில் போகும், எதிரே பேருந்து தெரியும், இடையில் கிடைப்பது சில வினாடிகள். ஐம்பதிலிருந்து எண்பதுக்கு எவ்வளவு சீக்கிரம் போய்த் திரும்ப இடதுபக்கம் வருகிறோம் என்பதுதான் அங்கே கணக்கு. பின்னால் ஆள், பை எல்லாம் இருந்தால் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும். நான் டூரிங் பைக்குக்கு மாறியதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மீட்டியோரின் உச்ச முறுக்குவிசை (டார்க்) 27 நியூட்டன் மீட்டர், வருவது இஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுழலும்போது. டாமினாரில் 35 வருகிறது, ஆனால் 6,500 சுற்றில். ஊருக்குள் கியரை மாற்றாமல் மெதுவாக உருட்டிக்கொண்டு போக விரும்புகிறவருக்கு முதலாவது இதமாக இருக்கும். இரண்டாவதில் இஞ்சினைச் சுழலவிட்டு, கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது பிடிக்குமா பிடிக்காதா என்பது உங்கள் சுபாவம்.

காற்றையும் மலையையும் மறந்துவிடுவது

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். எண்பதிலிருந்து நூறுக்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, நெஞ்சில் விழும் அழுத்தமோ ஒன்றரை மடங்கைத் தாண்டுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து, கையை விரித்துப் பிடித்திருக்கும் க்ரூஸர்காரர் அதை முழுசாக வாங்குகிறார். ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்குவது போல ஆகிவிடும், கழுத்தும் தோளும் இறுகும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நாகர்கோவிலுக்குப் போகும்போது, முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்தால் பக்கக்காற்றும் சேர்ந்துகொள்ளும். கனமான, தாழ்வான க்ரூஸர் அங்கே நிதானமாக நிற்கும், அதையும் சொல்ல வேண்டும். காற்றைத் தடுக்கும் பெரிய முன்கண்ணாடியும் பெட்டிகளும் மாட்டிய உயரமான வண்டியைக் காற்று பக்கவாட்டில் தள்ளும்.

மலையில் கதை வேறு. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40. நீளமான, கனமான க்ரூஸரை அந்த இறுக்கமான திருப்பங்களில் திருப்புவது உழைப்பு. கொஞ்சம் அதிகம் சாய்த்தால் ஃபுட்ரெஸ்ட் தார்ச்சாலையில் உரசும். வருடத்துக்கு ஒருமுறை மலை ஏறுகிறவர் மெதுவாக ஏறி இறங்கிவிடலாம், அதற்காக வண்டியை ஒதுக்க வேண்டாம். மாதாமாதம் ஏற்காடு, ஊட்டி என்று போகிறவர் யோசிக்கத்தான் வேண்டும். வேகத்தடைக்கும் இதே பேச்சு: சூப்பர் மீட்டியோரின் தரை இடைவெளி 135 மி.மீ. நம் கிராமத்துச் சாலைகளில் ஊர்க்காரர்களே போட்ட வேகத்தடைகளின் மேல், இரண்டு பேரோடு, அது எப்படி ஏறி இறங்கும் என்று பாருங்கள்.

பின்னால் உட்காருபவரைக் கேட்காமல் வாங்குவது

இந்தத் தவறைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். வண்டியை ஒருவர் தேர்ந்தெடுக்கிறார், பாதித் தூரம் வலியை இன்னொருவர் சுமக்கிறார். மனைவியோ அம்மாவோ நண்பரோ, வழக்கமாகப் பின்னால் உட்காரப்போவது யாரோ அவர் ஷோரூமுக்கு வர வேண்டும், ஏறி உட்கார வேண்டும், பின்னால் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போயும் பார்க்க வேண்டும்.

மூன்று விஷயங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். பின் சீட்டின் அகலமும் நீளமும் போதுமா? சில வண்டிகளில் அது ஒரு சின்னத் திண்டு போலத்தான் இருக்கும். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது? டூரிங் பைக்கில் பின் ஃபுட்ரெஸ்ட் உயரமாக இருந்தால் மூட்டுவலிக்காரர்களுக்கு ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. பிரேக் பிடித்தால் முன்னால் சரிகிறாரா, பிடித்துக்கொள்ளக் கைக்கு எட்டும் இடத்தில் கம்பி இருக்கிறதா? புடவையோடு ஒருபக்கமாக உட்காருபவர் என்றால் உயரமான டூரிங் பைக்கில் ஏறுவதே சிரமம். டாமினாரில் ஓட்டுபவரின் சீட்டே 800 மி.மீ. உயரம், பின் சீட் அதற்கும் மேலே. மீட்டியோரில் முன் சீட் 765 மி.மீ., முதுகுச் சாய்மானமும் மாட்டிக்கொள்ளலாம். வயதான அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போகிற வண்டி இதுதான் என்றால், மேலே சொன்ன முந்துவதையும் காற்றையும் எல்லாம் தள்ளிவைத்துவிட்டு க்ரூஸரை வாங்குங்கள்.

எடையும் ரசீதும்

சூப்பர் மீட்டியோர் 650இன் 241 கிலோ எடை ஓடும்போது தெரியாது, நிறுத்தும்போதுதான் தெரியும். வீட்டு வாசலில் சாய்தளம் இருக்கிறதா, வண்டியைப் பின்னுக்குத் தள்ளி எடுக்க வேண்டுமா, மழைக்காலத்தில் அந்தச் சிமெண்ட் தரை வழுக்குமா? இவற்றைக் கேட்டுக்கொள்ளாமல் 650 சிசி க்ரூஸர் வாங்கியவர்கள் பக்கத்து வீட்டுப் பையனைத் துணைக்கு அழைக்க வேண்டி வருகிறது. சீட் தாழ்வு என்பதால் கால் நன்றாக ஊன்றும், அது பெரிய உதவி. இருந்தாலும் எடை எடைதான்.

விலையில் 350 சிசி என்ற கோட்டைக் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40 சதவீதம். மீட்டியோர் 349 சிசி என்பதால் கோட்டுக்கு உள்ளே. டாமினாரின் 373 சிசி இஞ்சின் கோட்டுக்கு வெளியே. மூன்றாம் நபர் காப்பீட்டிலும் இதே கோடு உண்டு: 2022இல் அறிவித்த கட்டணப்படி 150க்கு மேல் 350 சிசி வரை வருடத்துக்கு 1,366 ரூபாய், அதற்கு மேல் 2,804 ரூபாய். எக்ஸ்ஷோரூம் விலையை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும். ஆன்ரோடு விலையை எழுதி வாங்கி, அதோடு டயர், செயின் செட் என்ன விலை என்றும் கேளுங்கள்.

ஒன்றை வாங்கி இன்னொன்றாக மாற்றப் பார்ப்பதும் வீண் செலவு. க்ரூஸருக்கு உயரமான முன்கண்ணாடி, இரும்புக் கார்டு, மூன்று பெட்டி என்று மாட்டிக்கொண்டே போனால் எடைதான் கூடும், வால் எலும்பின் பாரம் குறையாது. கண்ணாடி மட்டும் சரியான உயரத்தில் இருந்தால் பலன் உண்டு. அதன் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக வந்தால் காற்று சுழன்று ஹெல்மெட்டை ஆட்டும். ஆளில்லாத நேர்ச்சாலையில் இடது கையைக் கண்ணாடிக்கு மேலே மெதுவாக உயர்த்தினால், அமைதியான காற்று எங்கே முடிந்து அடிக்கும் காற்று எங்கே தொடங்குகிறது என்று உள்ளங்கையிலேயே தெரியும்.

பத்து நிமிட டெஸ்ட் ரைடை நம்புவது

ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தால் எந்த க்ரூஸரும் சொர்க்கம்தான், எந்த டூரிங் பைக்கும் ராக்கெட்தான். சென்னை, கோவை போன்ற ஊர்களில் இந்த வண்டிகள் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. இரண்டையும் ஒவ்வொரு நாள் எடுங்கள். வாடகை கொஞ்சம் வலிக்கும், மூன்று லட்சத்துக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

வழக்கமாகப் பின்னால் உட்காருபவரையும், வழக்கமாக எடுத்துப்போகும் பையையும் ஏற்றிக்கொள்ளுங்கள். ஊருக்குள் நெரிசலில் அரை மணி நேரம், அப்புறம் நெடுஞ்சாலையில் நிறுத்தாமல் ஒன்றரை மணி நேரம். இறங்கியதும் எதையும் யோசிக்காமல் கை எங்கே போகிறது என்று பாருங்கள், இடுப்புக்கா, மணிக்கட்டுக்கா, கழுத்துக்கா. பின்னால் வந்தவரிடமும் அதையே கேளுங்கள். வீடு திரும்பியதும் இஞ்சினை அணைத்துவிட்டு, யார் உதவியும் இல்லாமல் வண்டியைக் கேட்டுக்குள் தள்ளி நிறுத்திப் பாருங்கள்.